வந்தும் வந்து சேராத காயின்

யோசனை தோன்றியது அருமனையில் ஒரு பணமாற்றுக் கடையில். மாமா வளைகுடாவிலிருந்து அனுப்பும் மாதப் பணத்தை வாங்க அம்மாவோடு போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஆதார் நகல் கேட்டார். கொடுத்தோம். நகலின்மேல் கையெழுத்து கேட்டார். அம்மா போட்டாள். "கொஞ்சம் இருங்க, சர்வர் போயிருக்கு" என்றார். எங்கே போயிருக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த குடைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான் கைபேசியை எடுத்து, வழக்கம்போல, நான் எப்போதோ விற்றுத் தீர்த்த கிரிப்டோ காயினின் விலை ஏறுகிறதா என்று பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று தோன்றியது: இதே காயின் மாமாவிடம் இன்னும் இருக்கிறதே! போன வருஷம் நான்தானே அவரை நச்சரித்து வாங்க வைத்தேன். அவர் அங்கிருந்து ஒரு தட்டு தட்டினால் இங்கே வந்து விழுந்துவிடும். நகல் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், சர்வர் எங்கும் போகாது.

அம்மாவிடம் அங்கேயே சொன்னேன்.

"மெதுவாப் பேசுலே," என்றாள். "அந்தப் பிள்ளை கேட்டா வெசனப்படும். அதுக்க பொழப்பு இது."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் கிரிப்டோ. வீட்டாருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் நான் கைபேசியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருந்தது.

அக்கா நர்ஸ். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அதற்கு முன் ஜெர்மன் மொழித் தேர்வு ஒன்றில் அவள் தேற வேண்டும். திருவனந்தபுரத்தில் நடக்கிற அந்தத் தேர்வுக்கு இணையத்தில் பதிவு திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிவிடுவார்கள். கட்டணம் கட்டினால்தான் இடம். இதை விட்டால் அடுத்து எப்போது திறப்பார்களோ தெரியாது, ஜெர்மன்காரர்கள் அதுவரை அந்த வேலையைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கவும் போவதில்லை. மாதப் பணம் சபைக் காணிக்கைக்கும் பலசரக்குக் கடைக்குமே சரியாகிவிடும். மழையில் ரப்பர் பால் வெட்டும் வேலை நின்று அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு அடுத்த சம்பளம் வர நாள் இருந்தது. ஆகவே அவரிடம் இருந்த காயின்தான் அக்காவின் தேர்வுக் கட்டணம் என்று நான் முடிவு செய்தேன். மாமாவும் உடனே சம்மதித்தார். அவருக்கு அந்தக் காயினை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாமல் இருந்திருக்கிறது.

அக்காதான் சம்மதிக்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டே டேர், டீ, டாஸ் என்று ஜெர்மன் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"எவ்வளவு நேரத்துல வரும்?"

"நீ சாயாவை ஆத்தி முடிக்கதுக்குள்ள வரும்."

"வரல்லேண்ணா?"

"வராம எங்க போவும்? பிளாக்செயின் அக்கா. எழுதினா எழுதினதுதான். ஒருத்தனாலயும் அழிக்க முடியாது."

"அழியாம இருந்தாப் போதுமாலே? எங்கிட்ட வரண்டாமா?"

அந்தக் கேள்வியின் ஆழம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாமாவைப் போனில் பிடித்தேன். அவர் அங்கே கட்டட வேலையில் ஃபோர்மேன். கான்கிரீட் போடுகிற சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, எப்போதும் எங்கள் காது கிழியத்தான் பேசுவார். காயின் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சில் எனக்கிருந்த கணக்கின் முகவரியை அனுப்பினேன். கூடவே மெமோ என்று ஓர் எண்ணையும் அனுப்பினேன். முகவரி அவருக்குப் பிடிபட்டது. மெமோ பிடிபடவில்லை.

"அட்ரஸுதான் இருக்கே மக்கா. பின்ன இந்த நம்பரு எதுக்கு?"

விஷயம் இதுதான். இந்தக் காயினுக்கு எக்ஸ்சேஞ்சில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே முகவரி. லட்சம் பேருடைய காயின் ஒரே இடத்தில் வந்து விழும். எது யாருடையது என்று பிரித்தறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அனுப்பும்போது அதை மெமோ கட்டத்தில் எழுத வேண்டும். இதை நெட்வொர்க், வாலட் என்று ஆரம்பித்து விளக்கினேன். "ஒண்ணும் மனசிலாவல்ல" என்றார் மாமா. அப்போது எனக்கு ஓர் அருமையான உவமை கிடைத்தது.

"மாமா, அங்கேருந்து ஊருக்கு யாராவது வந்தா, ஒரே பெட்டியில பத்து வீட்டுச் சாமானும் குடுத்து விடுவிய இல்லியா? எந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்குன்னு எப்பிடித் தெரியும்?"

"மேல எழுதிக் குடுப்போம்."

"அதுதான் மெமோ!"

"இதை மொதல்லயே சொல்லப்பிடாதாலே!" என்று மாமா கூவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லூரியில் இப்படி ஒருவர் பாடம் நடத்தியிருந்தால் நான் அரியர் வைத்திருக்கவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்: எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டாம், வாலட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.

சற்று நேரத்தில் கட்டைவிரல் படம் வந்தது. "அனுப்பியாச்சு" என்று குரல் பதிவும் வந்தது.

அக்கா சாயாவை ஆற்றினாள். குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். என் கணக்கில் பூஜ்யம்.

எங்கள் வீட்டில் கைபேசிக்கு ரேஞ்ச் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் ஆட்டுக்கூட்டுக்குப் பின்னால்தான். குடையோடு போய் நின்று பக்கத்தைப் புதுப்பித்தேன். பூஜ்யம். ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றினேன். கைபேசியை அணைத்துப் போட்டேன். பூஜ்யத்துக்குப் பின்னால் இருந்த புள்ளியும் அதற்குப் பின்னால் இருந்த பூஜ்யங்களும் கூட அப்படியே இருந்தன. உதவி என்ற இடத்தைத் தட்டினேன். ஒரு தானியங்கி வந்து, என் நிலைமை தனக்குப் புரிகிறது என்றது. நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அது பரிவர்த்தனை எண் கேட்டது. மாமாவிடம் கேட்டேன். அவர் தன் கைபேசித் திரையை இன்னொருவர் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். படத்தில் பாதி குப்பூஸ் ரொட்டியும் ஒரு கிண்ணம் பருப்பும். பரிவர்த்தனை எண்ணின் வால்பகுதி பருப்புக்கு அடியில் இருந்தது.

"பாத்திரத்தைத் தள்ளி வச்சிட்டு இன்னொருக்க எடுங்க மாமா."

"ஏன், தெரியல்லையா? நல்ல கேமரால்லாலே!"

மறுபடி எடுத்தார். அந்த நீளச் சரத்தை எழுத்து எழுத்தாக அடித்து, எல்லாப் பரிவர்த்தனைகளையும் பார்க்கக்கூடிய பொதுத்தளத்தில் தேடினேன். கண்டேன்! காயின் மாமாவை விட்டுக் கிளம்பியிருக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன்.

"பாத்தியா? வந்தாச்சு."

"எங்க வந்தாச்சு?"

"அங்க."

"எனக்கு இங்கல்லாலே வேணும்? இந்தப் பச்சை டிக்கைக் கொண்டுபோய்த் திருவனந்தபுரத்துல குடுத்தா எடுத்துக்கிடுவானா?"

நான் உலகளாவிய ஒரு டெலிகிராம் குழுவில் முறையிட்டேன். "டெபாசிட் வரவில்லை, உதவுங்கள்." அடுத்த கணமே எத்தனை நல்லவர்கள்! எல்லாரும் எக்ஸ்சேஞ்சின் அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லாருடைய படத்திலும் கோட்டும் டையும். எல்லாரும் கேட்டது ஒன்றையே: வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்கள். வாலட்டைத் திறக்கும் சாவியே அதுதான், கொடுத்தால் மாமாவிடம் மிச்சமிருக்கிற காயினும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவள் கைபேசியை வாங்கி, பன்னிரண்டு ஜெர்மன் சொற்களை வரிசையாக அடித்து அவர்களில் ஒருவனுக்கு அனுப்பினாள். மருந்து, ஊசி, கட்டில், காய்ச்சல், மூத்திரப்பை என்று போயிற்று அது. அந்த அதிகாரி வெகுநேரம் முயன்றிருக்க வேண்டும். பிறகு, "சகோதரி, பன்னிரண்டாவது சொல்லைச் சரிபார்க்கவும்" என்று எழுதினான்.

அம்மா தன் வழியில் முயன்றாள். பெண்கள் ஜெபக்குழுவில் விண்ணப்பம் வைத்தாள். எப்படி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. "அனுப்பின இடத்திலயும் இல்லாம, வரவேண்டிய இடத்திலயும் இல்லாம நடுவழியில நிக்கிற எங்க காசுக்காக" என்றிருக்கிறாள். தலைமையேற்று ஜெபித்தவர், "ஆண்டவரே, அந்த அட்ரஸை நீர் அறிவீர்" என்று உருக்கமாகச் சொன்னாராம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது மிகச் சரியான ஜெபம். ஆனால் அதன் பிறகு நான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பால் வாங்கப் போனால், "மக்கா, காசு வந்தாச்சா?" ரேஷன் கடையில், "வழியில எங்க நிக்குன்னு போனுல காட்டுமாமே, நெசந்தானா?" நெட்வொர்க் என்றால் என்ன என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லியும் காது கொடுக்காதவர்கள், இப்போது எந்த நெட்வொர்க்கில் வந்தது என்று விசாரித்தார்கள்.

புதன்கிழமை காலையில் ஆட்டுக்கூட்டுக்குப் பின்னால் நின்று அந்தப் பொதுத்தளப் பக்கத்தை மறுபடி திறந்தேன். இதுவரை பச்சை டிக்கைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டிருந்தேன். இம்முறை கீழே கீழே என்று கடைசிவரை இழுத்தேன். அங்கே மெமோ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே என் எண் இருக்க வேண்டும். இருந்தது, பெரிய ஆங்கில எழுத்துகளில்: பிலாவிளை.

பிலாவிளை எங்கள் வீட்டுப் பேர்.

எங்கள் பக்கத்தில் கதவு எண் என்று ஒன்று உண்டு, வரி கட்டும்போது மட்டும் நினைவுக்கு வரும். மற்றபடி தபால்காரர், ஆட்டோ, கல்யாண அழைப்பு எல்லாமே வீட்டுப் பேரில்தான். மாமா அனுப்பிய எந்தப் பெட்டியும் நான்கு பக்கமும் அந்தப் பெயரைத் தடித்த மார்க்கரில் தாங்காமல் வந்ததில்லை. போன் போட்டேன்.

"மாமா, மெமோவுல என்ன எழுதினிய?"

"வீட்டுப் பேரு. நீதானே மக்கா சொன்ன, பொட்டலத்துக்கு மேல எழுதுக மாதிரின்னு?"

"அது... அது ஒரு உதாரணத்துக்குச் சொன்னது மாமா! நான் அனுப்பின நம்பரு?"

"அது ஓட்டிப்பி இல்லியா?"

"ஓட்டிப்பியா?"

"ஆமா. நம்பரா வந்தா ஒருத்தர்கிட்டயும் சொல்லாத, எங்கயும் போடாதன்னுல்லா பேங்குக்காரன் தெனமும் மெசேஜ் அனுப்புதான். நான் அதை அப்பவே அழிச்சுட்டேன். நாம சூட்சமா இருக்கண்டாமா?"

ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா குடை இல்லாமல் மழையில் வந்து பின்னால் நின்றிருந்தாள்.

"அப்பம் மாமா மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள். "சொல்லிக்குடுத்த வாத்தியாரு யாரு?"

"உவமைன்னா என்னன்னு மாமாவுக்குத்..."

"எனக்க பரீட்சை போச்சுண்ணா உன்னைக் கொண்டுபோய் அந்த ஆட்டுக்கூட்டுல கெட்டுவேன் கேட்டியா. அது உவமை இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவள் முகம் அழுவது போல இருந்தது. மழையும் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ராத்திரி டியூட்டி முடித்து வந்து தூங்காமல் படித்துக்கொண்டிருந்தவள் அவள்.

தானியங்கியைத் தாண்டி ஒரு மனிதரைப் பிடித்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கி எழுதினேன். மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது: "பிலாவிளை என்பது எந்த எக்ஸ்சேஞ்சின் பெயர் என்று தெரிவிக்க இயலுமா?"

எங்கள் வீட்டின் பெயர் என்றேன்.

"உங்கள் வீட்டுக்கு எங்களிடம் கணக்கு உண்டா?"

ஆதாரைக் காட்டினேன், முகவரியில் பிலாவிளை என்று தெளிவாக இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு சிக்கல் என்றார்கள். அந்தச் சொல் முகவரியாக உள்ள கணக்குகள் தங்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன; அவை யாருடையவை என்று சொல்வதற்கில்லை.

அவர்கள் சொல்லவே வேண்டாம். யாருடையவை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பிலாவிளை என்றுதான் பேர், கீழே மேலே என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆள் சேர்த்தால் போனஸ் என்று எக்ஸ்சேஞ்ச் அறிவித்த காலத்தில் அந்த வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அவர்களுக்கெல்லாம் கணக்குத் திறந்து கொடுத்தவன் நான்தான்.

இது எப்படியோ வெளியே போயிற்று. அம்மா ஜெபக்குழுவில் அடுத்த நிலவரத்தைச் சொல்லியிருக்கலாம். மேலே பிலாவிளையிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார்.

"மக்கா, எனக்கும் ஏதோ கல்ஃப் காசு வந்திருக்குன்னு கேட்டேனே?"

"உங்களுக்கு இல்ல அண்ணா."

"பிலாவிளைன்னு போட்டுல்லா வந்திருக்கு? நானும் பிலாவிளைதானே?"

"உங்களுக்கு கல்ஃபுல ஆருண்டு?"

"ஒருத்தரும் இல்ல. அதுதான் எனக்கும் ஆச்சரியம்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று அம்மா சொல்கிறாள். போகும்போது தன் ஆப்பின் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகவும் எப்படித் திறப்பது என்றும் கேட்டார்.

அந்தப் பெயரை எழுதியது மாமாதான், அவர் இப்படித்தான் எழுதுவார் என்று நிரூபிக்க ஆதாரம் தேடினேன். பரணில் மாமாவின் பழைய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். வெளியே, நான்கு பக்கமும், அதே பெரிய ஆங்கில எழுத்துகளில் வீட்டுப் பேர். அதை இறக்கி, நட்சத்திரங்களைக் கட்டிலில் கொட்டி, என் ஆதாரையும் பெட்டியையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா படம் எடுத்தாள். "சிரிக்காதலே, கேஸு நிக்காது" என்றாள். அவள்தான் சிரித்தாள். நான்கு பக்கத்தையும் தனித்தனியே எடுத்து அனுப்பினோம்.

வியாழக்கிழமை, அதாவது இன்று மதியம், பதில் வந்தது. படங்களுக்கு நன்றி. அட்டைப்பெட்டி தங்களுடைய ஏற்கத்தக்க ஆவணங்களில் இல்லை. என்றாலும் என் கோரிக்கையை நிராகரிக்கவில்லை. ஒரே ஒரு வழி இருக்கிறது: முதலில் அனுப்பிய அதே வாலட்டிலிருந்து, மிகச் சிறிய ஒரு தொகையை, இம்முறை என் சரியான மெமோ எண்ணோடு, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். அது வந்து என் கணக்கில் விழுந்தால் அனுப்பியவரும் பெறுபவரும் யார் என்பது உறுதியாகிவிடும். பழையதையும் கையோடு வரவு வைத்துவிடுவார்கள்.

மாமாவின் வாலட்டில் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னது நான்தான் என்பதை இந்த இடத்தில் வீட்டில் எல்லாருக்கும் நினைவுபடுத்தினேன். அப்பா மட்டும் தலையசைத்தார். அவர் இந்தக் கதை முழுவதிலும் செய்தது அது ஒன்றுதான்.

மாமாவைப் பிடித்தோம். கான்கிரீட் போடுகிற நாள். ராத்திரியும் சேர்த்து வேலை, நாளை வெள்ளி லீவும் கிடையாது, மதியம் வரை அறைக்குப் போக முடியாது, வாலட் இருக்கிற போன் அங்கேதான் இருக்கிறது என்றார். நாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் உறுதியாகச் செய்வதாகச் சொன்னார். நம் ஊரில் அப்போது பிற்பகல். பதிவு மூடுவது சாயங்காலம். இடையில் காயின் வர வேண்டும், நான் அதை விற்க வேண்டும், ரூபாய் அக்காவின் வங்கிக்குப் போக வேண்டும், அவள் கட்ட வேண்டும். பணமாற்றுக் கடையின் சர்வரே இதைவிட வேகமாகத்தான் வந்தது.

இப்போது ஏற்பாடெல்லாம் அக்காவின் கையில். தேர்வுப் பதிவின் பக்கத்தைத் திறந்து, பெயர் முகவரி எல்லாம் நிரப்பி, பணம் கட்டுகிற பொத்தானுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். டியூட்டியைத் தோழி ஒருத்தியோடு மாற்றிக்கொண்டாள். மாமாவுக்கு அவளே போன் செய்தாள்.

"மாமா, நாளைக்கு வீடியோவுல வருவேன். நம்பரை நான் சொல்லுவேன். நீங்க ஒவ்வொண்ணா அடிச்சு எனக்குத் திருப்பிச் சொல்லணும். அது ஓட்டிப்பி இல்ல. வீட்டுப் பேரு எழுதண்டாம்."

"பின்ன அந்தக் காசுக்கு நம்ம வீடு எதுன்னு எப்பிடி மக்ளே தெரியும்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என் பக்கம் கையை நீட்டினாள்.

"நீ ஒண்ணும் விளக்கண்டாம்."

மூடிக்கொண்டேன். மாமா யோசித்துவிட்டு, "செரி, நீ சொல்லுகதுபோல செய்யுதேன்" என்றார்.

நாளை என் வேலை இரண்டு. ஆட்டுக்கூட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அக்காவுக்கு மேல் குடை பிடிக்க வேண்டும். சிறிய தொகை என் கணக்கில் விழுந்த அந்த நிமிடமே எக்ஸ்சேஞ்சுக்கு எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று அக்கா சொல்லித் தந்திருக்கிறாள்: "வந்துவிட்டது." அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாதாம்.